ராட்டினத்துக்கு இரண்டு டிக்கெட்

ஏப்ரல் 17, புதன்

பழைய தலைமையாசிரியை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, திருநெல்வேலி போய்த் தொண்டை டாக்டரைப் பார்த்து வந்தேன். பொங்கலிலிருந்தே தொண்டை கரகரக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, உள்ளே தெரிவதைத் திரையில் எனக்கும் காட்டினார். குரல்நாண்களை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். என்னுடையதை இன்றுதான் பார்த்தேன். வெளிறிய இரண்டு நாடாக்கள். ஒன்றின் ஓரத்தில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு முடிச்சு. "ஆ" சொல்லச் சொன்னார். நாடாக்கள் ஒன்றையொன்று தொட நெருங்கி வந்தன. முடிச்சு நடுவில் நின்றுகொண்டது.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவரே எடுத்துவிடுவார். மே 6, திங்கட்கிழமை காலை. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றார். பிறகு ஒரு வாரம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. அதற்கப்புறம் குரல் பழையபடி வருமா என்று கேட்டேன். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார். "பாக்கலாம் டீச்சர்" என்றார்.

"ஒரு வாரம் பேசாம இருக்கணுமா?"

"ரிட்டயர் ஆயிட்டீங்கல்லா? இனி யாருக்குப் பாடம் எடுக்கப் போறீங்க?"

நான் சிரித்துவைத்தேன். என் வீட்டு நிலவரம் அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோரம். வெயில் வயல்களின் மேல் தண்ணீர் மாதிரி நெளிந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியவில்லை. ஏதோ ஒரு சுவரில் மதுரைப் பொருட்காட்சியின் சுவரொட்டி, அதில் பெரிய ராட்டினம். பேருந்து கடந்துபோன பிறகும் அது கண்ணுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. சங்கரன்கோவிலில் இறங்கும்போது திட்டம் தயாராக இருந்தது. மே 5 ஞாயிறன்று வீட்டில் நாலு பேரும் மதுரைக்குப் போகிறோம். சாயங்காலம் பொருட்காட்சி, இரவு லாட்ஜில் தங்கல். திங்கட்கிழமை விஷயத்தை அங்கே வைத்துச் சொல்லிவிடலாம்.

ஏப்ரல் 18, வியாழன்

இதைப் பிற்காலத்தில் நானே எடுத்துப் படித்தால் புரிய வேண்டும். அதனால் எழுதிவைக்கிறேன்.

என் வீட்டுக்காரரும் மகன் கோமதிநாயகமும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒரே குழம்பைத்தான் சாப்பிடுகிறார்கள். காரணம் நாயகத்தின் கல்யாணப் பத்திரிகை. அச்சடித்து வந்த பிறகு பார்த்தால், அவருடைய அக்கா பெயர் அதில் இல்லை. தாய் இல்லாத அவரை வளர்த்தது அந்த அக்காதான். நாயகம் வேண்டுமென்று விட்டானா, மறந்து விட்டானா என்பது இன்றுவரை தீரவில்லை. அந்த மதினி கல்யாணத்துக்கு வரவில்லை. அச்சக வாசலிலேயே இவர் மகனைப் பார்த்து, "இனிமே எங்கிட்ட பேசாத" என்றார். "சரி" என்றான் அவன். பிறந்ததிலிருந்து அவன் அப்பா சொல்லைத் தட்டாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் நான். வகுப்பில் ஒலி பாடம் நடத்தும்போது ஒரு சோதனை செய்து காட்டுவேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மணி. உள்ளே காற்று இருக்கும்வரை சத்தம் கேட்கும். காற்றை உறிஞ்சிவிட்டால் மணி ஆடுவது தெரியும், சத்தம் வராது. ஒலி பரவ ஊடகம் தேவை என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இந்த வீட்டில் அந்தக் காற்று நான்தான்.

கடத்துவதோடு விட்டால் பரவாயில்லை, கொஞ்சம் திருத்தியும் விடுகிறேன். ஆசிரியைப் புத்தி. உதாரணத்துக்கு, இன்று காலை இவர் சொன்னது: "மோட்டாரப் போட்டா நிறுத்தத் தெரியாதான்னு கேளு, அந்தத் துரைகிட்ட." நான் போய்ச் சொன்னது: "நாயகம், தொட்டி நெறஞ்சிட்டு போலப்பா, அப்பா ஒன்ன ஒரு எட்டு பாக்கச் சொன்னாங்க." அவன் சொன்னது: "மின்வாரியத்துல இருந்தவரு, அவருக்கு ஒரு சுவிட்ச அமத்தக் கை வராதாமா?" நான் இவரிடம் சொன்னது: "இந்தா போறேன்னுட்டான்."

மே 6-க்குப் பிறகு என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே கீரை ஆய்ந்தேன். தண்டையெல்லாம் சட்டியில் போட்டு இலையைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

மதுரைப் பயணத்தை அறிவித்தேன்.

அவர் ஹாலில் நாற்காலியில் இருந்தார். "மதுரையில என்ன இருக்கு? வெயில் இருக்கு. அதுதான் இங்கயே கெடக்கே."

நாயகம் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். "ஞாயித்துக்கெழமைன்னா சரி. திங்கக்கெழம கடைய யாரு தொறக்க?"

"ஒரு நாள் தொறக்காட்டி யாரு வண்டியும் நின்னுறாதுன்னு சொல்லு" என்றார் இவர், என்னைப் பார்த்து.

"மெதுவா வந்து தொறந்தாப் போதும்கிறாங்க" என்றேன் அவனிடம்.

பிறகு தங்கும் அறை. நாயகத்துக்கு இரண்டு தனி அறை வேண்டும். இவருக்கு அறையே வேண்டாம், ஆட்டம் பாட்டமெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடலாம். நான் இரண்டு பேரிடமும் தனித்தனியே போய், மற்றவர் நாலு கட்டில் போட்ட ஒரே அறைக்குச் சம்மதித்துவிட்டதாகச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் சரி என்றார்கள்.

மருமகள் அனுசுயா தூத்துக்குடிக்காரி. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 20, சனி

ரயிலில் போகலாம் என்று முடிவு. எதிரெதிர் இருக்கை. யாரும் யாரையும் பார்க்காமல் இருக்க முடியாது.

ஏப்ரல் 21, ஞாயிறு

அனுவிடம் மட்டும் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் கூட நிற்க ஒருத்தர் வேண்டுமே. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னேன். என் குரலை மெதுவாக வைத்தால் இப்போதெல்லாம் காற்றுதான் வருகிறது, அதனால் சில சொற்களை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. முடிச்சு, ஆப்பரேஷன், சோதனை, குரல்.

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அத்த, இத மாமாட்டயும் அவங்ககிட்டயும் சொல்லாம எப்படி?"

"சொல்லத்தான் மதுரை. ஒருத்தர்ட்ட சொன்னா, அவரு சொன்னத இன்னொருத்தர்ட்ட நான்தான் கொண்டு போகணும். இந்த ஒரு சேதிய ரெண்டு தரம் சொல்ல எனக்குத் தெம்பில்ல அனு. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரே தரம் சொல்லிரணும். அதுக்கப்புறம் நான் வாய மூடணும்லா. அதுக்குள்ள ரெண்டும் பேசிக்கிட்டா நல்லது."

ஹாலில் ஓடிக்கொண்டிருந்த டிவி நடுவில் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது போல. அனு கண்ணைத் துடைத்துக்கொண்டு மிக்சியைப் போட்டாள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

எள்ளுருண்டை பிடித்தேன். ரயிலுக்கு.

ஏப்ரல் 25, வியாழன்

ஒன்றைக் கவனிக்கிறேன். தூது குறைந்துவிட்டது.

முன்பெல்லாம் காலை காப்பி முடிவதற்குள் நான்கைந்து முறை நடப்பேன். இந்த வாரம் ஹாலிலிருந்து "டீச்சரு" என்ற கூப்பாடே இல்லை. எனக்கு அவர் வைத்த பெயர் அது. கல்யாணமான புதிதில் கேலியாகத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. இன்று தொட்டி நிறைந்து வழிந்தபோது அவரே எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார். நாயகமும் எதையும் சொல்லி அனுப்புவதில்லை. கடையிலிருந்து வரத் தாமதமானால் அனுவின் போனுக்குச் செய்தி அனுப்புகிறான்.

மணலில் ஓடும் ஆறு கோடையில் இப்படித்தான் மெலியும். ஒரே நாளில் வற்றாது. முதலில் அகலம் குறையும், பிறகு ஓட்டம் குறையும். என் வழியாகவாவது ஓடிக்கொண்டிருந்த பேச்சு அது. அதுவும் நின்றுபோனால், நான் வாயை மூடும்போது இந்த வீட்டில் மிச்சமென்று என்ன இருக்கும்?

அடுப்படி அலமாரியில் பனங்கற்கண்டு ஒரு பொட்டலம் இருந்தது. மிளகு டப்பாவுக்குப் பின்னால் இன்னொரு பொட்டலம், வேறு கடைக் காகிதத்தில். அனு மறந்துபோய் இரண்டு தடவை வாங்கியிருப்பாள். இளம்பெண், கவனம் சிதறத்தான் செய்யும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மதியம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. எட்டாம் வகுப்பு பி பிரிவு. பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். தொட்டி மீன்கள் மாதிரி. ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் உள்ளே வந்து எங்கள் இடுப்புவரை நிற்கிறது. நான் பயப்படவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயராக விரலை வைக்கிறேன், அந்தந்தப் பிள்ளை கையைத் தூக்குகிறது. எல்லாப் பிள்ளைக்கும் முகம் நாயகத்தின் முகம், ஆறாம் வயதில் இருந்தது மாதிரி.

விழித்தபோது என் கட்டில் பக்கத்துச் சுவரில் நாயகம் நின்று எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?"

"காலிங் பெல்ம்மா. வாசல்ல இருந்தது பழசாயிட்டு. புதுசு போட்டேன். பழச எறிய மனசில்லாம இங்க மாட்டுதேன்."

படுக்கையறையில் எதற்குக் காலிங் பெல்? அழுத்திப் பார்த்தேன். குருவி கத்தியது. ஹாலில் இவர் நாற்காலியிலிருந்து எழுந்த சத்தம் கேட்டது, பிறகு உட்கார்ந்த சத்தம்.

மே 2, வியாழன்

இரண்டு பைகள் கட்டியாயிற்று. ஒன்று மதுரைப் பயணத்துக்கு. இன்னொன்றில் இரண்டு நைட்டி, துண்டு, டம்ளர், ஸ்பூன், டாக்டர் சீட்டு. அதை அனு தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வகுப்பில் சண்டை போட்ட பையன்களுக்கு நான் தண்டனை கொடுத்ததில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முகவையும் ஒரு சாராய விளக்கும் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பநிலை எழுதச் சொல்வேன். ஒருவன் பிடிக்காவிட்டால் மற்றவன் கை சுடும். கொதி வருவதற்குள் பேச்சு வந்துவிடும். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

பொருட்காட்சியில் அதற்கு ஈடாக என்ன இருக்கும் என்று அனுவிடம் கேட்டேன். ராட்டினம்தான் என்றாள். ஒரு பெட்டியில் உட்கார்த்திக் கம்பியைப் போட்டுவிட்டால், சுற்றி முடியும்வரை இறங்க முடியாது.

"நாலு பேரும் ஏறுத மாதிரி வரிசையில நிப்போம். கடைசி நேரத்துல எனக்குத் தலைசுத்துதுன்னு நான் ஒதுங்கிருவேன்" என்றாள். "நீங்க எனக்குத் தொணைக்கு நிக்கணும்னு ஒதுங்கிருங்க."

"பொய் சொல்லலாமா?"

"அத்த, நீங்க ரெண்டு வருசமா என்ன செஞ்சீங்க?"

மே 5, ஞாயிறு. ரயிலில்.

எள்ளுருண்டையை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுக்கக் கை நீட்டினார்கள். இரண்டு கையும் பின்வாங்கின. கடைசியில் அனு தின்றாள். ராஜபாளையம் தாண்டி மலை பின்வாங்கிக்கொண்டே போகிறது. வெளியே பார்த்துக்கொண்டு வருகிறேன். இந்த நாள் முடியாமல் இப்படியே ஓடிக்கொண்டிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். இந்த ஒரு வரியை எழுதியதும் அவர் என் தோளில் தட்டித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் கேட்கவே இல்லை.

மே 6, திங்கள். விடிந்ததும், லாட்ஜில்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்ப வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பதால் எழுத நேரம் இருக்கிறது. நேற்று நடந்ததை விடாமல் எழுதிவிடுகிறேன்.

பொருட்காட்சிக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வானம் இன்னும் இருட்டவில்லை, விளக்குகள் மட்டும் எரிந்தன. பகலும் இல்லாத இரவும் இல்லாத அந்த நேரத்தில் மனிதர்கள் எல்லோரும் கொஞ்சம் மிதப்பது போலத் தெரிந்தார்கள். முறம் அளவு டெல்லி அப்பளத்தை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் முழுக்க முகமில்லாமல் நடந்து போனது. எங்கோ மேடையில் ஒரு பெண் மெல்லிசைக் குழுவோடு பாடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் இரைச்சலில் பாட்டின் சொற்கள் கரைந்து, ராகம் மட்டும் அலையலையாக வந்து சேர்ந்தது. அவள் தொண்டையை நினைத்துக்கொண்டேன்.

நாற்காலி போட்டிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்டோம். எப்போதும் போல நான் நடுவில், இரு பக்கமும் அவர்கள். இவர் காலால் தாளம் போட்டார். அந்தப் பக்கம் பார்த்தால் நாயகமும் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அதே தாளம். இரண்டு பேருக்கும் பாட்டைவிட அரைத் தட்டு பிந்தி விழுந்தது.

பிறகு ராட்டினம். வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் அனு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சி இல்லாத நடிப்பு, ஆனாலும் பரவாயில்லை. "நான் இவகூட நிக்கேன், நீங்க ஏறுங்க" என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குத் தேய்ந்த குரலில் சொன்னேன். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. ராட்டினக்காரர், "சாமி, ஏறுதீங்களா எறங்குதீங்களா" என்றார். இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். கம்பி விழுந்தது.

எனக்கு ஒன்று மறந்துவிட்டது. பெற்ற தாய்க்கு மறக்கலாமா? நாயகத்துக்கு உயரம் ஆகாது. சின்ன வயதில் மொட்டை மாடிச் சுவரோரம்கூடப் போகமாட்டான். அப்பா மின்கம்பத்தில் ஏறினால் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வான்.

பெட்டி மெதுவாக மேலே போனது. ஒவ்வொரு பெட்டியாக ஆள் ஏற்ற ராட்டினம் நின்று நின்று போனது. அவர்கள் உச்சிக்குப் போனதும் ஒரேயடியாக நின்றுவிட்டது. கீழே யாரோ ஒரு அம்மாள் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உயரத்தில், சிவப்பும் பச்சையுமான விளக்குகளுக்கு நடுவில், என் வீட்டு ஆட்கள் இருவரும் கையளவுக்குத் தெரிந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆடும் மணி. வாய் அசைகிறதா இல்லையா என்று பார்க்கக் கண்ணைச் சுருக்கினேன். ஒன்றும் தெரியவில்லை.

அப்போது வானத்திலிருந்து ஒரு செருப்பு விழுந்தது.

எனக்கு முன்னால் மண்ணில் தொப்பென்று விழுந்து கவிழ்ந்தது. நாயகத்தின் இடது கால் செருப்பு. எடுத்துத் தூசியைத் தட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். அனு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தள்ளிவிட்டிருப்பாங்களோ" என்றாள். சிரித்தோம். சிரித்தால் எனக்கு இருமல் வந்தது. இருமி முடித்தபோது ராட்டினம் சுற்றத் தொடங்கியிருந்தது. விளக்குகள் ஒரே வளையமாகிவிட்டன. இனி அவர்கள் எந்தப் பெட்டி என்றே தெரியவில்லை.

இறங்கி வந்தார்கள். நாயகம் வெளிறிப்போயிருந்தான். இவர் என்னிடம் வந்து, "டீச்சரு, செருப்ப அவன்ட்ட குடு" என்றார்.

என்னிடம்தான் சொன்னார். அவனிடம் சொல்லவில்லை. கொதி வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக என் சோதனை தவறிவிட்டது. அதன் பிறகு பஞ்சுமிட்டாய் வாங்கினோம், வளையல் பார்த்தோம். எல்லாம் தூரத்தில் நடப்பது போலிருந்தது.

லாட்ஜுக்கு வந்ததும், கைகால்கூடக் கழுவ விடாமல் அவர்களைக் கட்டிலில் உட்காரச் சொல்லிக் கைகாட்டினேன். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் எதிரே நின்றேன், பழைய பழக்கம். வாயைத் திறந்தேன். பொருட்காட்சித் தூசியும் இருமலும் சேர்ந்து மிச்சமிருந்த குரலையும் கொண்டுபோய்விட்டன. வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன், மறுபடியும் காற்று. எத்தனை நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். எங்களுக்குத் தெரியும்."

எனக்கு முதலில் உறைத்தது சேதி அல்ல, எங்களுக்கு என்ற சொல்தான்.

அவர் திரும்பி, "ஏல, அம்மைக்கு வெந்நி வாங்கிட்டு வா. நாளைக்கு விடிஞ்சா ஒண்ணும் குடிக்கக் கூடாது" என்றார்.

"சரிப்பா" என்று எழுந்துபோனான் நாயகம். ஏதோ நேற்றும் பேசினார்கள், முந்தாநாளும் பேசினார்கள் என்பது போல.

நான் அனுவைப் பார்த்தேன். அவள் பதறிக் கையை ஆட்டினாள். "நான் சொல்லவே இல்ல அத்த, சத்தியமா."

"அவ சொல்லல" என்றார் இவர். "நீ அடுப்படியில சொன்னது ஹால்ல கேக்காதா? நான் ஹால்ல இருந்தேன், அவன் வாசல் ஜன்னலோரம் நின்னிருக்கான். டிவிய அமத்திட்டுக் கேட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். வரல. அவன்ட்ட பேசவும் வழியில்ல. அவன் காதுல விழலன்னு நான் நெனச்சேன், எங்காதுல விழலன்னு அவன் நெனச்சிருக்கான். இன்னைக்கு அந்த ஒசரத்துல இவன் கம்பியப் புடிச்சிட்டு நடுங்குதான். கீழ பாக்காதல, என் மூஞ்சியப் பாருன்னேன். பாத்தான். பாத்துட்டு அழுதான். பயந்து அழுதான்னு நெனச்சேன். அம்மைக்கு என்னப்பா ஆகும்னான். அதுலதான் செருப்பு போச்சு."

அப்படியானால் பனங்கற்கண்டு. காலிங் பெல். தூது நின்றுபோனது. என் தொண்டையை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள், ஆளுக்கொரு பக்கமாக. நான் அதை ஆறு வற்றுவதாக எழுதிவைத்திருக்கிறேன். ஏப்ரல் 25-ஐ அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். தவறான விடைக்கும் நோட்டில் இடம் உண்டு.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அடுப்படியில் முணுமுணுத்ததே ஹாலில் கேட்டது என்றால்? வெந்நீரோடு வந்த நாயகத்திடம் என் காதைத் தொட்டுக் காட்டி, எல்லாமுமா என்று கைவிரித்தேன்.

"எல்லாந்தாம்மா கேக்கும். வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு ஜன்னல்தான இருக்கு? அப்பா துரைன்னதும் கேக்கும், நான் சொன்னது அவங்களுக்கும் கேக்கும். அதுக்கப்புறம் நீ நடந்து வருவேல்லா, அத எப்படி மாத்திச் சொல்லப் போறேன்னு கேக்கத்தான் உக்காந்திருப்பேன்."

"நானுந்தான்" என்றார் இவர், ஜன்னலைப் பார்த்தபடி. "நாள் பூரா அதுதான எனக்கு."

அனு கதவைத் தட்டுகிறாள். ஆட்டோ வந்துவிட்டதாம்.

மே 8, புதன்

பேசவில்லை. பேசக்கூடாது. வலி தேனைப் போல மெதுவாக இறங்குகிறது. கண்ணை மூடினால் ராட்டினம்.

வார்டு நர்ஸ் நல்ல பெண். "வடிவும்மா, ஒங்க வீட்டுல ரெண்டு பேரும் எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுவாங்களா?" என்று கேட்டாள். காத்தாடியை வேகமாக வைப்பதா மெதுவாக வைப்பதா என்று வெளியே சண்டை. நான் ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

மே 10, வெள்ளி

சோதனையில் ஒன்றும் இல்லை. வெறும் முடிச்சுதான். டாக்டர் சொன்னதும் அவர் நாயகத்தின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை.

மே 12, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. தேவைப்பட்டால் குருவியை அழுத்துகிறேன். இரண்டு பேரும் வந்து நிற்கிறார்கள். ஒருத்தர் போதும் என்று சைகையில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மே 13, திங்கள்

இன்றிலிருந்து கொஞ்சம் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் அந்தத் தேதி யாருக்கும் நினைவில்லை.

துணி உலர்த்த மாடிக்குப் போனேன். ஈரப் புடவைகளுக்கு நடுவில், வெயில் துணி வழியாக வடிந்து நீலமாகவும் மஞ்சளாகவும் என் கைமேல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒலி பரவ ஊடகம் தேவை."

வந்தது. பழைய குரல் இல்லை. கொஞ்சம் தாழ்வாக, ஓரத்தில் சொரசொரப்பாக, எனக்கு இன்னும் அறிமுகமாகாத ஒரு பெண்ணின் குரல். கெட்ட குரல் என்று சொல்ல முடியாது. கடைசி பெஞ்சுவரை எட்டாது, ஆனால் இப்போது எனக்குக் கடைசி பெஞ்சு இல்லையே. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். தொண்டையில் கைவைத்து அது அதிர்வதைத் தொட்டுக்கொண்டே நின்றேன். முதல் வேலையாகக் கீழே போய் அவர்களிடம் பேசிக் காட்ட வேண்டும் என்று படியிறங்கினேன்.

பாதிப் படியில் நின்றுவிட்டேன். ஹாலில் பேச்சு.

"அத்தை பேரப் போட்டிருக்கணும்ப்பா. மறந்துதான் போச்சு. வேணும்னு விடல."

"அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"நீங்கதான பேசாதன்னு சொன்னீங்க."

"ஆமா, நான் சொன்ன மத்ததெல்லாம் கேட்டுட்ட பாரு. ஒண்ணாவது படிக்கும்போது பல்லு வெளக்கச் சொன்னேன், கேட்டியா? கண்ணாடி போட்டுட்டு வண்டி ஓட்டச் சொன்னேன், கேட்டியா? இத மட்டும் கேட்டுட்டான்."

"அடுத்த வாரம் அத்தை வீட்டுக்குப் போவோம்."

"வெறுங்கையோட போகக் கூடாது. சேலை எடுக்கணும்."

"எடுப்போம். நீங்க கலரச் சொல்லாதீங்க. நீங்க சொல்லுதது எல்லாம் டிரான்ஸ்பார்மர் கலராத்தான் இருக்கும்."

என் காலடிச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் திரும்பினார்கள். "டீச்சரு, கேட்டியா இவன் பேசுதத" என்றார் இவர். நாயகமும் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அந்த இரண்டு முகமும் காத்திருந்தன. எத்தனை வருடம் பார்த்த முகங்கள்.

தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைத்தேன்.

"பாவம், இன்னும் வரல" என்றார் அவர்.

"வரட்டும்ப்பா, மெதுவா வரட்டும். அவசரப்படுத்தாதீங்க" என்றான் அவன். பிறகு சேலை நிறத்துக்கே திரும்பிப் போனார்கள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அல்லது நாளை மறுநாள். அடுப்படிக்கு வந்து ரசத்துக்குப் புளியை ஊறவைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர்கள் சொன்னது உண்மைதான். இங்கிருந்து எல்லாம் கேட்கிறது.